ரோட்டைக் கடக்கும் தூரம்

செல்லியம்மன் குப்பத்தில் ஒருவரும் எங்கேயும் போவதில்லை. மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சௌமியா கேட்டு வாங்கிய பதில் இதுதான்.

"நேத்து எங்கனா வெளிய போனீங்களாண்ணா?"

"நானா? நான் எங்கம்மா போவப்போறேன், வூட்லதான் கீறேன்" என்பார் வீட்டுக்காரர், ஹெல்மெட்டைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே.

"வண்டி எதுனா கீதா?"

"நமக்கு ஏதும்மா வண்டி?"

கேட்கிறவளும் அதே குப்பத்து மருமகள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். யார் எந்த வண்டியை எந்த மாதம் எடுத்தார்கள், எலுமிச்சம்பழத்தை நசுக்கியபோது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அப்படியும் முகத்தைப் பார்த்துக் கூசாமல் சொன்னார்கள். படகுகளுக்குப் பின்னால் மணலில் வரிசையாகப் பைக்குகள், மேலே பழைய வலை, அதற்கும் மேலே தார்ப்பாய். ஹேண்டில்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. போகிற போக்கில் எண்ணிப் பார்த்தாள், எழுபத்தொன்று வந்தது. அவள் தெருமுனை தாண்டியதும் தார்ப்பாய் விலகும், ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்கும்.

மாமியார் புஷ்பவல்லியும் இதற்கு விலக்கல்ல. முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருக்க, "எழுதிக்க. புஷ்பவல்லி, வயசு அறுபத்தொண்ணு, எங்கியும் போறதில்ல" என்றாள்.

"அத்த, இப்பத்தான ரோட்ட தாண்டிப் போயி மீன் வித்துட்டு வந்த?"

"அது உனுக்குத் தெரியும். உன் போனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?"

இந்த ஒரே பேச்சுக்குக் காரணம் இருந்தது. சில வருஷத்துக்கு முன்பு புயல் அடித்து ஓய்ந்ததும் கையில் காகிதத்தோடு சிலர் வந்தார்கள். வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அன்பாகக் கேட்டார்கள். பைக் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னவர்களின் பேரெல்லாம் நிவாரணப் பட்டியலில் காணாமல் போனது. தண்ணீரில் ஊறி என்ஜின் செத்துப்போன பைக்கும் அந்தக் காகிதத்தில் வண்டிதான். அன்றைக்கே ஊர் கூடி முடிவெடுத்தது. இனிமேல் எவர் காகிதத்தோடு வந்தாலும் சரி, போனோடு வந்தாலும் சரி, இந்தக் குப்பத்தில் வண்டி கிடையாது, யாரும் எங்கேயும் போவதில்லை. ஊர் எடுத்த முடிவைத் தனியாள் மீறினால், கரையில் நடக்கும் மீன் ஏலத்தில் அந்த வீட்டுக்கு மீன் கிடைக்காது.

சௌமியாவும் அதனால் சொன்னதைச் சொன்னபடி போனில் இருந்த படிவத்தில் எழுதினாள். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் யார் எதில் எத்தனை கிலோமீட்டர் போகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை. ரோட்டை அகலப்படுத்தும் திட்டத்துக்காக ஏதோ ஒரு தனியார் நிறுவனம் நடத்தியது. பி.காம். படித்திருக்கிறாள், உள்ளூர்க்காரி என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் நிதிஷ் தினமும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்குப் போய் வருகிறவன். தன் வீட்டுப் படிவத்தில் அவனையும் வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் மேற்பார்வையாளர் ஜேக்கப் வந்தார். தாம்பரம் பக்கத்துக்காரர், யாரையும் அதட்டத் தெரியாதவர், வெயில் தாங்காமல் கைக்குட்டையைத் தலையில் போட்டிருந்தார். ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்து காட்டினார். வரைபடத்தில் ஊருக்கு ஒரு வட்டம். எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறார்களோ அவ்வளவு பெரிய வட்டம். மணலி புதுநகருக்கு ஓர் இட்லி அளவு இருந்தது. திருவொற்றியூர் ஊத்தப்பமாக விரிந்திருந்தது. செல்லியம்மன் குப்பத்தின் இடத்தில் ஒன்றுமே இல்லை.

"உங்க ஊர்ல யாருமே நகரமாட்டாங்களா?" என்றார்.

"அப்படித்தான் சார் சொல்றாங்க."

"பாருங்க சௌமியா, எங்க சக்கரம் அதிகமா ஓடுதோ அங்க வருமானம் ஏறும். வருமானம் ஏறினா இன்னும் அதிகமா ஓடும். எந்த மாவட்டத்த எடுத்துப் போட்டுப் பார்த்தாலும் கோடு இப்படித்தான் மேல போகுது." விரலை டீயில் நனைத்து மேசைமேல் ஏறுமுகமாக ஒரு கோடு இழுத்தார்.

சௌமியாவுக்குச் சுருக்கென்றது. அவர்களுக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ஒன்றையொன்று முட்டாத குறையாக ஊர்ந்துகொண்டிருந்தன. இத்தனை சக்கரம் நாள் முழுக்க இந்த ஊர் வாசலில் ஓடி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது புழுதி மட்டும்தான்.

"எங்க வூட்டுக்காரரு போவ அறுவத்திரெண்டு, வர அறுவத்திரெண்டு கிலோமீட்டர் போயினு வராரு சார். எங்க வூட்டு மதிலுக்கு அந்தாண்ட கீற கம்பெனில வேல கேட்டாரு, குடுக்கல. அதனாலதான் அவ்ளோ தூரம் போறாரு. அதுவும் உங்க கோட்டுல வளர்ச்சின்னு சேருமா?"

"சேரும். ஆனா நீங்க அவருக்கு ஜீரோ போட்டிருக்கீங்களே."

ஜேக்கப் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார். கணக்கெடுப்பு முடிந்ததும் எந்தெந்த இடத்தில் நடுச்சுவரின் இடைவெளியை அடைப்பது என்று முடிவாகும். ஓட்டமே இல்லாத ஊருக்கு முன்னால் இடைவெளி எதற்கு என்று செல்லியம்மன் குப்பத்தின் பெயர் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது.

குப்பத்தார் அதைக் கேப்பு என்பார்கள். ரோட்டுக்குக் கிழக்கே குப்பமும் கடலும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ரயில் நிலையம், காசு கொடுத்து மீன் வாங்குகிற தெருக்கள் எல்லாம் மேற்கே. நடுவில் ஓடும் சுவரில் ஓர் ஆள் கூடையோடு நுழைகிற அளவு இடைவெளி. அது போனால் தெற்கே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற யு-டர்ன்தான் கதி. டிரெய்லர்கள் திரும்பும் அந்த இடத்தில் தலையில் அன்னக்கூடையோடு நடக்க முடியாது.

"அதோ, தாண்டிகினு கீறாங்களே சார், உங்க கண்ணுக்குத் தெரியல?" சௌமியா கை காட்டிய இடத்தில் மூன்று பெண்கள் கூடையோடு கேப்பில் நின்று வண்டி குறையக் காத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியுது. நான் பாக்கறத யாரும் கேக்கமாட்டாங்க. படிவத்ததான் கேப்பாங்க." எழுந்தபோது, "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் திருத்தலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருத்துவதும் அவள் இஷ்டத்துக்கு முடியாது. வீட்டுக்காரரின் போனுக்கு ஓர் எண் வரும், அவர் வாய்விட்டுச் சொன்னால்தான் படிவம் திறக்கும். வியாழன் மதியத்திலிருந்து சௌமியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊர்த் தலைவர் பொன்ராஜைத் தேடி வலை பின்னும் கொட்டகைக்குப் போனாள். அவர் முழுக்கக் கேட்டார், ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். இப்ப எழுவது வண்டி கீதுன்னு சொல்லிட்றோம். ஐப்பசில மழ வந்து ஊருக்குள்ள தண்ணி பூந்தா, இவுங்கல்லாம் வண்டி வெச்சிகினு கீறவங்கன்னு மறுபடியும் பேர அடிச்சா நீ வருவியா? எழுதிக் குடுப்பாரா உங்க சாரு?"

ஜேக்கபுக்குப் போன் போட்டாள். எழுதிக் கொடுக்க அவரால் ஆகாது. பொன்ராஜ் ஊசியை எடுத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் நிதிஷ் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். "உன் ஒருத்தன் கிலோமீட்டர போட்டாலே வட்டம் வந்துடும்."

"நான் எங்கடி ஓட்றேன்? பஸ்ல வாயப் பொளந்துகினு தூங்கிகினு போறேன்." ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தான். "ஊர் பேச்ச மீறி நான் மட்டும் சொன்னா நாளைக்கி எங்கம்மாக்கு ஏலத்துல எவன் மீன் குடுப்பான்?"

உள்ளேயிருந்து புஷ்பவல்லி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை அள்ளி முடிந்துகொண்டு வெளியே போனாள். ஒரு மணி நேரம் கழித்து ஊர்க்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

கூட்டத்தில் பெண்கள் பின்னால் நிற்பதுதான் வழக்கம். புஷ்பவல்லி பத்து மீன்காரிகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய் மணலில் உட்கார்ந்தாள். "நெவாரணப் பட்டியல்ல பேரு போனா வருசத்துல ஒரு நாள் போவும். கேப்பு போனா பொழப்பு தெனம் போவும். கடல்லருந்து நீங்க கொண்டாந்து போட்டுடுவீங்கோ. ரோட்ட தாண்டிப் போயி விக்கிறது யாரு?"

ஆண்கள் கொஞ்ச நேரம் மணலைக் கிளறினார்கள். பொன்ராஜ் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரி. சொல்றதுன்னா ஊரே சொல்லணும். ஒருத்தன் உண்ம, ஒருத்தன் பொய்னு வாணாம்" என்றார்.

சனிக்கிழமை காலையிலிருந்து கொட்டகையில் திருவிழாதான். தார்ப்பாய் விலகியது, வலை உருவப்பட்டது, பைக்குகள் வெயிலில் மின்னின. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு எண்ணைக் கத்தினார்கள். காசிமேடு போய் வர இத்தனை, மணலி போய் வர இத்தனை, ஐஸ் வாங்க இத்தனை, மச்சினனைப் பார்க்க மீஞ்சூர் இத்தனை. மூன்று நாள் வீட்டை விட்டு நகராத ஊர் ஒரே காலையில் ஆந்திர எல்லைவரை போய்விட்டது. "தடா வரிக்கும் போட்டுக்கம்மா, நானு அடிக்கடி போறவன்" என்றவரைச் சௌமியாவே மிரட்டிப் பழவேற்காட்டோடு நிறுத்த வேண்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் ஆனந்தமும் தாங்கவில்லை. இந்த ஊரில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதாகவே நினைத்தாள்.

கடைசியாக மீன்காரிகள். புஷ்பவல்லி ஒரு நாளைக்கு ஆறு தடவை ரோட்டைத் தாண்டுகிறாள். தூரம் நாற்பது மீட்டர். அதை அழுத்தினால் போன் ஏற்கவில்லை. குறைந்த தூரம், அடுத்த கேள்விக்குச் செல்லவும் என்று வந்தது. மணி நாலே முக்கால், இன்னும் பதினேழு வீடு பாக்கி. சௌமியா அடுத்த கேள்விக்குப் போனாள். எல்லா மீன்காரிக்கும் அப்படியே போனாள்.

ஐந்து மணிக்கு ஜேக்கப் கூப்பிட்டார். "உங்க ஊர் வட்டம் திருவொற்றியூர முட்டுது சௌமியா" என்றார். அவர் குரலிலும் சந்தோஷம்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை கிரேன் வந்தது. மார்பு உயரக் கான்கிரீட் கட்டை ஒன்றைச் சங்கிலியில் தூக்கிக் கேப்பில் இறக்கிவைத்தார்கள். அரை மணி நேர வேலை. ஊரே ரோட்டோரம் நின்று பார்த்தது. பொன்ராஜ் சௌமியாவை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அங்கிருந்தே அவள் போன் போட்டாள். ஜேக்கப் ரொம்ப நேரம் எடுக்கவில்லை. எடுத்ததும் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "நானும் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு வண்டி இருக்கற ஊரு, நல்லா ஓட்டுறாங்க, யு-டர்ன் போட்டு வந்துடுவாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"நடந்து போறவங்க?"

"ஐநூறு மீட்டருக்குக் கீழ நடக்கறது பயணத்துல சேராது. பயிற்சி அன்னிக்கே சொன்னோமே."

சொன்னார்கள்தான். நோட்டில் குறித்துக்கூட வைத்திருந்தாள். ஆறு தடவை அழுத்தியும் போன் வாங்காதபோது அந்த வரி நினைவுக்கு வந்திருந்தால் வேலையை நிறுத்தி அங்கேயே ஜேக்கபைக் கூப்பிட்டிருப்பாள். மணியைப் பார்த்துக்கொண்டு ஓடியதில் அந்தப் பெண்களைத் தன் கட்டைவிரலாலேயே தள்ளிவிட்டாள்.

"இல்லன்னு சொன்னாலும் மூட்றீங்கோ, கீதுன்னு சொன்னாலும் மூட்றீங்கோ. அப்ப எங்கள இன்னாத்துக்கு சார் கேட்டீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பழி கழிக்க வேண்டும் என்பதுபோல ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினாள். காலையில் மகள் நர்மதாவைப் பள்ளியில் விட யு-டர்ன் வழியாக நாலு கிலோமீட்டர். வந்து மாமியாரையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு மறுபடி நாலு. பக்கத்து வீட்டு நீலாவுக்கு முட்டி வலி, அவளுக்காக இன்னொரு நாலு. மதியம் எல்லாரையும் திரும்பக் கொண்டுவர வடக்கே உள்ள திருப்பம் வழியாக அதே சுற்று. நாற்பது மீட்டருக்காக நாள் முழுக்க டிரெய்லர் டயர்களுக்கு நடுவே ஓடினாள். தூக்கத்தில்கூடக் கை பிரேக்கைப் பிடித்தது. ஊரில் வண்டி இல்லாதிருந்தவர்களும் வட்டிக்கு வாங்கி வண்டி எடுத்தார்கள், வேறு வழி இல்லை.

ஐந்து மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை நர்மதாவைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்புகையில் வழியெல்லாம் டிரெய்லர்கள். முக்கால் மணி நேரமாக வண்டி முன்னால் பத்தடி போவதும் நிற்பதுமாக இருந்தது. மாமியார் எட்டு மணிக்கே மீன் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருப்பாள், ஐஸ் கரையும், மேற்குத் தெருக்காரர்கள் சமையலை முடித்துவிடுவார்கள். சௌமியா காலை ஊன்றி எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஜேக்கப்.

"நல்லா இருக்கீங்களா? அடுத்த கட்டக் கணக்கெடுப்பு வருது, உங்களத்தான் நினைச்சேன். உங்க ஊரப் பத்தி ஒரு நல்ல சேதி. ரோட்டு கேமராவ வச்சுப் போட்ட கணக்குல கிலோமீட்டர் ரெண்டு மடங்கு ஆகியிருக்கு. இந்த வரிசையிலேயே வேகமா முன்னேறுற ஊர் இப்ப உங்களுதுதான்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "அந்த ரெண்டு மடங்குல பாதி நான் ஒருத்தியே ஓட்னது சார்" என்று சொல்லி, அவர் பதிலுக்குக் காத்திராமல் போனைப் பையில் போட்டாள்.

வரிசை திடீரென்று விட்டது. முடுக்கிக்கொண்டு மேற்குப் பாதையில் குப்பத்துக்கு நேரே வந்தபோதுதான் கண்ணில் பட்டது. நடுச்சுவரின்மேல் புஷ்பவல்லி குதிரை ஏறியதுபோல இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அன்னக்கூடை. காத்திருந்து காத்திருந்து பொறுமை போய், தெர்மாகோல் ஐஸ் பெட்டியைப் படியாகப் போட்டு ஏறியிருக்கிறாள். பெட்டி அந்தப் பக்கம் நொறுங்கிக் கிடந்தது. இனி திரும்பி இறங்க முடியாது. இந்தப் பக்கம் காலுக்குக் கீழே டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போயின. ஒவ்வொன்று போகும்போதும் அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

சௌமியா கையைக் காட்டிக்கொண்டே வலப்பக்கம் ஒடித்துச் சுவர் ஓரம்வரை போய், ஸ்கூட்டரை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தினாள். பின்னால் வந்த டிரெய்லர் காற்றுப் பிரேக் சீறி இரண்டு முழத்தில் நின்றது. அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். பக்கத்துப் பாதையில் வந்தவனும் என்னவோ ஏதோவென்று நின்றுவிட்டான்.

"இன்னாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெட்ச்சுதா?" என்றார் டிரெய்லர் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி.

"எங்க அத்த எறங்கணும். எறங்குனதும் போண்ணா."

இரண்டு கையையும் நீட்டினாள். புஷ்பவல்லியின் உதடு வெளுத்திருந்தது. அப்படியும் கூடையை விடவில்லை. "மொதல்ல மீன வாங்கு" என்றாள். சௌமியா கூடையை வாங்கி ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். பிறகு மாமியாரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினாள். தரையில் கால் பட்டதும் புஷ்பவல்லி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இத்தனை வருஷத்தில் மாமியார் அழுது அவள் பார்த்ததில்லை.

"ஆச்சில்ல? எட்றா வண்டிய" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஹாரன்கள் ஒன்று சேர்ந்துகொண்டன.

சௌமியா சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கிழக்குப் பாதையைத் தாண்டி வந்து சுவரோரம் நீலா நின்றாள், அவளுக்குப் பின்னால் தலையில் கூடையோடு இன்னும் நாலு பெண்கள். ஐந்து மாதமாக முகம் கொடுத்துப் பேசாத பொன்ராஜ் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டியைக் கவிழ்த்துச் சுவரோரம் போட்டு, ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"புடிச்சிக்கிறியாம்மா?" என்றார்.

ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கி வந்தார். வரிசை கண்ணுக்கு எட்டியவரை நின்றிருந்தது. "எவ்ளோ நேரம்மா ஆவும்?" என்றார், இப்போது கொஞ்சம் தணிந்த குரலில்.

"இன்னும் அஞ்சு பேரு கீறாங்கண்ணா."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நீலாவின் கூடையை வாங்கக் கையை நீட்டினாள்.